கழுத்தில் வைத்த வெர்னியர்

எனக்கு வந்த நோய் இப்போது எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் ரெமிஷன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதை விளக்கிச் சொன்னால் கேட்டவரின் முகம் மாறும். உடனே முள்சீத்தா இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வார். சூலூரில் எங்கள் வீதியில் மட்டும் இப்படி ஏழு வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயந்தே நான் எதையும் விளக்குவதில்லை.

எனக்கு வந்தது நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்றுநோய். இடது காதுக்குக் கீழே, கழுத்தில், நெல்லிக்காய் போல ஒரு கட்டியாகத் தொடங்கியது. ஆறு மாதம் கீமோ ஏற்றினார்கள். அது முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. கட்டி போனது, வலி போகவில்லை. பாதங்கள் இரண்டும் எரியும். பொழுது சாய்ந்தால் செருப்புக்குள் மிளகாய்த்தூள் போட்டதுபோல இருக்கும். கைவிரல் நுனிகளில் அதற்கு நேர்மாறாக ஒன்றுமே தெரியாது. மரத்துப்போய்விட்டன. மருந்தின் வேலை இது, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். அந்த 'ஆகலாம், ஆகாமலும் போகலாம்' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் லேத் ஆள். எங்கள் வேலையில் அளவு சரி, இல்லையென்றால் சரியில்லை. நடுவில் ஒன்று கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் இரண்டு லேத் வைத்திருக்கிறேன். பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். கடைவது நானும் ஓர் ஆபரேட்டரும். கடைந்ததை அளந்து பார்த்துத் தள்ளுவதோ அனுப்புவதோ என் மனைவியின் பொறுப்பு. ஷெட்டின் வாசலோரம் வெளிச்சம் விழும் இடத்தில் அவளுடைய மேசை. அவள் 'ஆகாதுங்க' என்று சொன்னால் ஆகாது, நான் முதலாளி என்பதெல்லாம் அந்த மேசைக்கு இந்தப் பக்கம்தான். நோய்க்கு முன்னால் நான் ஓடுகிற லேத்தை நிறுத்தி ஷாஃப்டை விரலால் தடவியே சொல்லிவிடுவேன், இன்னும் ஒரு முடியளவு எடுக்க வேண்டும் என்று. கருவியை வைத்துப் பார்த்தால் அது சரியாகத்தான் இருக்கும். அந்த விரல்கள்தான் போய்விட்டன. சட்டைப் பொத்தானைப் போடுவதற்கே குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த செக்கப்புக்கு ஐந்து வாரம் இருந்தபோது ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்ததும் இடது காதுக்குக் கீழே தோல் லேசாக மேடாகத் தெரிந்தது. பழைய இடத்திலிருந்து ஓரங்குலம்கூடத் தள்ளி இல்லை.

ரேசரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எவ்வளவு பெரியது, கெட்டியா, மெத்தென்றா, நகர்கிறதா, எதுவும் விரலுக்குப் பிடிபடவில்லை. அந்த விரல்களுக்கு மிளகும் ஒன்றுதான், நெல்லிக்காயும் ஒன்றுதான். மனைவியைக் கூப்பிட்டு அவள் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கீமோ ஏற்றிய ஆறு மாதத்தில் அவள் இளைத்த இளைப்பு எனக்கு நினைவிருந்தது. செக்கப் வரைக்கும் நான் ஒருவனே சுமந்துகொள்வது என்று முடிவு செய்தேன். அப்போது அது பெரிய தியாகமாகத் தெரிந்தது.

குளிக்கப் போகிறவன்போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவள் மேசையில் எண்ணெய்த் துணி சுற்றிய பெட்டியில், ஷாஃப்டை இரு தாடைகளுக்கு நடுவில் பிடித்து அளக்கிற வெர்னியர் இருந்தது. எடுத்துத் துண்டுக்குள் வைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய்த் தாழ் போட்டேன். குளித்து முடித்து, கண்ணாடி முன் நின்று, அதன் இரு தாடைகளையும் விரித்துக் கட்டியைக் கவ்வக் கொடுத்தேன். கட்டைவிரலால் தள்ளி இறுக்கி, அப்படியே திருகைப் பூட்டி எடுத்துப் படித்தேன். எட்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.

வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு மூச்சு சீரானது. ஒருமுறை இன்னொரு பக்கம் நெறி கட்டியபோது டாக்டர் சொல்லியிருந்தார், ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம், மேலே போனால் வந்துவிடுங்கள் என்று. ஒரு சென்டிமீட்டர் என்றால் பத்து மில்லிமீட்டர். எனக்கு இன்னும் ஒன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர் இடமிருந்தது. லேத்காரனுக்கு அது மைதானம் மாதிரி. பழைய ஜாப் கார்டு ஒன்றின் பின்புறம் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு புள்ளி ஆறு. அதற்கு மறுநாளும் அதேதான். நாலாம் நாள் எட்டு புள்ளி எட்டு. இரண்டு புள்ளி என்பது பெரிதில்லை, பிடித்ததில் கோணல் இருந்திருக்கும் என்று மறுபடி அளந்தேன். எட்டு புள்ளி ஒன்பது. அதற்கப்புறம் காலையில் ஒருமுறை என்பது போதவில்லை. சாப்பாட்டுக்குப் போகும்போது, டீக்குப் போகும்போது, கை கழுவும்போது என்று அளக்கத் தொடங்கினேன். முதல் வாரம் வலி இல்லாத இடத்தில் இரண்டாம் வாரம் வலி வந்தது. எச்சில் விழுங்கினால் சுருக்கென்றது. வலி வந்ததும் இன்னும் அதிகமாக அளந்தேன். ஒன்பது. ஒன்பது புள்ளி மூன்று. ஒன்பது புள்ளி ஏழு.

ஷெட்டில் என்னோடு இருந்தவர்கள் பாவம். ஆபரேட்டர் ரேடியோ வைத்தால் எரிந்து விழுந்தேன். சரியாகக் கடைந்திருந்த ஷாஃப்டைத் தூக்கி மூலையில் எறிந்தேன். மனைவி அதை எடுத்துவந்து, அளந்து, ஒன்றும் பேசாமல் நல்ல சாமான் தட்டில் வைத்தாள். ஏனோ அவள் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. உனக்கென்ன தெரியும் என்று மனசுக்குள் கத்திக்கொண்டேன். அவளிடம் மறைத்தவன் நான், அவளுக்குத் தெரியவில்லையே என்று கோபப்பட்டவனும் நான்.

பதினான்காம் நாள் காலை பத்து புள்ளி இரண்டு காட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று கிளம்பினேன். லேத்துக்கு டூல் பிட் வாங்கி வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். வெர்னியர் பேன்ட் பையில் இருந்தது. காந்திபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. ஏறினால் அரை மணியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன், அவர் தொட்டுப் பார்ப்பார், அவர் முகம் மாறும். நானாக அளந்துகொண்டிருக்கும் வரைக்கும் அது வெறும் எண். அவர் வாயால் சொல்லிவிட்டால் அது நோய். இப்படி நினைத்துக்கொண்டு நான்கு பஸ்ஸை விட்டேன்.

கடைசியில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்தேன். கை கழுவும் இடத்தில் கண்ணாடி இருந்தது. ஒருவேளை காலையில் தப்பாகப் படித்திருப்பேனோ என்று வெர்னியரை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். பத்து புள்ளி நான்கு. பின்னால் தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கை கழுவ நின்றிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எதாச்சும் மாட்டிக்கிச்சுங்களா?" என்றார் அவர்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சூலூர் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "டூல் பிட் கெடச்சுதுங்களா?" என்று கேட்டாள். கடை லீவு என்றேன். அவள் தலையாட்டினாள். அன்று சாயங்காலம் பாதம் எரிந்த எரிச்சலில் சிமென்ட் தரையில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கீமோ ஏற்ற உட்காரவைக்கிற அந்தப் பழைய நீல நாற்காலி, கையில் ஏறுகிற ஊசி, நாக்கில் தகரத்தை வைத்ததுபோன்ற ருசி, எல்லாம் மறுபடியும் என்று பயந்தேன். சாவதைவிட அந்த நாற்காலிக்குத்தான் பயந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பொய் சொல்வானேன், சாவதற்கும் பயந்தேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் அந்த அட்டை என் சட்டைப் பையிலிருந்து தவறியிருக்கிறது. குனிந்து ஷாஃப்ட்களைத் தட்டில் அடுக்கும்போது விழுந்திருக்க வேண்டும். தட்டு நேராகப் போனது என் மனைவியின் மேசைக்கு. நான்கு மணி இருக்கும், கரண்ட் போய் லேத் நின்றிருந்தது. ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இது எந்த ஜாப்புங்க?"

"சாம்பிள்" என்றேன்.

"டூலு தேஞ்சா அளவு ஏறுமில்லீங்க, அந்தாட்ட ஏறிக்கிட்டே போகுது." அவள் விரல் அட்டையில் ஒவ்வொரு எண்ணாக இறங்கி வந்தது. கடைசி எண் பதினொன்று புள்ளி மூன்று. "இதுக்கு எத்தன வரைக்கும் உடலாமுங்க?"

பேச்சை மாற்றியிருக்கலாம். அட்டையைப் பிடுங்கியிருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது. "பத்து" என்றேன்.

அவள் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "கழுத்தக் காட்டுங்க" என்றாள். எண்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

காட்டினேன். குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அளந்ததையும், காந்திபுரத்திலிருந்து திரும்பி வந்ததையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியது இரண்டோ மூன்றோ தடவைதான்.

"ரப்பர் புஷ்ஷ வெர்னியர்ல அளந்துபோட்டேன்னு அன்னைக்கு என்னைய என்ன பேச்சுப் பேசுனீங்க? மெத்துனு இருக்கறத இதுல வெக்கக் கூடாது, அமுத்தறவன் கைக்குத் தக்கன அளவு மாறும்னு நீங்கதானுங்க சொன்னீங்க! ரப்பருக்கே ஆகாதுன்னா சதைக்கு ஆகுமுங்களா?"

ஷெட்டுக்கு வரும் எவன் ரப்பரை வெர்னியரில் வைத்தாலும் திட்டுகிறவன் நான். இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. வெர்னியரை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைக் கட்டைவிரல்தான் சொல்ல வேண்டும். என் கட்டைவிரலுக்கு உணர்ச்சியே இல்லை. விரல் மரத்துப்போனதால் கருவியை எடுத்தேன், அந்தக் கருவியையும் மரத்துப்போன விரலால்தான் பிடித்தேன். அவள் எழுந்து கழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டியின் இரு பக்கமும் தோல் கன்றிப்போய், நகம் அகலத்துக்கு இரண்டு ஊதாக் கோடு இருந்தது. காலையில் கண்ணாடியில் அதை நான் பார்க்காமல் இல்லை. அதையும் நோயின் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

"காலைல மொத ஆளா போறோமுங்க" என்றாள். நான் சரி என்றேன்.

டாக்டர் எங்களைவிட இளையவர். அந்தக் கோடுகளைத்தான் முதலில் பார்த்தார். "என்னங்க இது, யாராச்சும் கிள்ளிட்டாங்களா?" என்று கேட்டார். மனைவி என் பையிலிருந்து வெர்னியரை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்துவிட்டார், உடனே அடக்கிக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"மூணு, நாலு இருக்குமுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"பத்துப் பன்னண்டு இருக்குமுங்க" என்றேன்.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தார். கழுத்து முழுக்க, அக்குள், இடுப்பு மடிப்பு என்று எல்லா இடமும் பார்த்தார். நான் அவர் முகத்தையே கவனித்தேன். அது மாறவே இல்லை, அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "சும்மா கெடக்கற நெறியக்கூட இப்படி நசுக்கிட்டே இருந்தா வீங்கத்தாங்க செய்யும். ஆனா அதனாலதான் வீங்கியிருக்குதுன்னு நான் இப்பச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வந்து போன எடம் இது. ஊசி வெச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாத்துறலாம்." ஊசி வைத்தார்கள். ரிசல்ட்டுக்கு நான்கு நாள் என்றார்கள். அதுவரை கழுத்தில் கை வைத்தால் இரண்டு கைக்கும் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவேன் என்று டாக்டர் மிரட்டினார்.

அந்த நான்கு நாளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அளக்கக் கூடாது என்றானதும் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆபரேட்டரிடம் கொடுக்காமல் எல்லா ஷாஃப்டையும் நானே கடைந்தேன், பாதி ரிஜெக்ட் ஆனது. மனைவி 'ஆகாதுங்க' என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இரண்டாம் நாள் மதியம் சோற்றைப் பிசைந்தபடி, "மறுபடியும் வந்திருந்தா நான் கீமோவுக்குப் போக மாட்டேன் அம்மணி" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்துவிட்டது. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வரட்டும், பேசிக்கலாமுங்க" என்றாள். கரண்டியிலிருந்து பாதி ரசம் தட்டுக்கு வெளியே போனது. அதை இரண்டு பேரும் துடைக்கவில்லை.

நான்காம் நாள் டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு நேராகவே சொன்னார். "நோய் இல்லீங்க. வெறும் வீக்கம்." மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான், "அப்ப இனி வராதுங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "இன்னைக்கு இல்லீங்க. அதுக்கு மேல நான் சொன்னா அது பொய்" என்றார் அவர். கால் எரிச்சலுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். அது கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம் என்றார். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு என் மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு, விரலின் மெத்தென்ற பாகத்தால் எப்படி வட்டமாக, அழுத்தாமல் தடவிப் பார்ப்பது என்று என் கழுத்திலேயே சொல்லிக்கொடுத்தார். மாதம் ஒருமுறை போதும் என்றார். "நீங்க பாருங்க, அவர் வேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். அவள் மேசைமேல் கிடந்த வெர்னியரை அதன் இடத்தில் வைத்துவிட்டு இனி எடுப்பதில்லை என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து உள்ளே வைக்கும்போது ஏதோ உறுத்தியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாடைகள் பளபளவென்று இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. சன்னமாக எண்ணெய் பூசியிருந்தது.

மூன்று வாரமாக அதை ஈரக் கழுத்தில் வைத்திருக்கிறேன். வியர்வையிலும் சோப்புத் தண்ணீரிலும் நனைத்திருக்கிறேன். அப்படியே கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். ஒருநாள்கூடத் துடைத்ததில்லை. அந்த ஈரத்துக்கு இரண்டே நாளில் செம்பொட்டு வைத்திருக்க வேண்டும். எங்கள் ஷெட்டில் கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறவர் ஒருவர்தான்.

அதற்குள் அவள் வந்து தன் மேசையில் உட்கார்ந்து ஷாஃப்ட்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெர்னியரோடு எதிரே போய் நின்றேன்.

"எப்பத்திருந்து தெரியும் அம்மணி?"

அவள் நிமிரவில்லை. "மொத நாளேங்க. பொட்டியத் தொறந்தா சோப்பு வாசம் அடிச்சுது. குளிக்கற எடத்துல வேற எத அளப்பீங்க?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

கையிலிருந்த ஷாஃப்டை எண்ணெய்த் துணியால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள்.

"கேட்டா, எத்தனன்னு சொல்லிப்போடுவீங்களேன்னு பயந்துதானுங்க" என்றாள்.